துண்டும் மறுபூச்சும்: தியாகதுருகத்தில் சன்ஸ்கிரீனை மீண்டும் பூசத்தக்க காலம் பற்றிய ஆய்வு

சன்ஸ்கிரீனை ஒருமுறை பூசியவர் மறுமுறை எப்போது பூசுவது என்ற வினாவைத் தமிழில் இதுகாறும் யாரும் முறையாக எழுப்பவில்லை. அகத்துக்கும் புறத்துக்கும் இலக்கணம் வகுத்த நாட்டில் புறத்தோலுக்கு இலக்கணம் இல்லை. ஆய்வு இடைவெளி எங்கே உண்டோ அங்கே முனைவர் பட்டம் உண்டு என்பார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் எவரும் அமையாததால் இக்கட்டுரை பட்டம் கருதாமல் எழுதப்படுகிறது.

தியாகதுருகத்தைக் களமாகக் கொண்டதற்கு முதற்காரணம், கட்டுரையாசிரியர் குடியிருப்பு அங்கே இருப்பது. பயணப்படி கோர வேண்டியதில்லை. அடுத்த காரணம் மலை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிறவர்கள், கள்ளக்குறிச்சி வருமுன்பே பேருந்து சன்னல் வழியாக அதைப் பார்த்திருப்பார்கள். நிழல் தர மரமில்லாத பாறைமேல் ஒரு கோட்டை. 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் படையுதவிக்கு விலையாக இதை ஐதர் அலியின் ஆட்களிடம் கொடுத்தார்கள். மறு ஆண்டே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1790இல் திப்பு சுல்தான் முற்றுகையிட்டுப் பார்த்தார், எடுக்க முடியாமல் போனார். ஒருவர் பூசிய ஆட்சியை இன்னொருவர் துடைப்பதும், துடைத்தவர் தன்னுடையதைப் பூசுவதுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்த மலையின் அடிவாரத்தைவிட மறுபூச்சு ஆய்வுக்குத் தகுந்த இடம் கிடைக்காது. ஐரோப்பியச் சிப்பாய்கள் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு இந்தப் பாறையைக் காவல் காத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தோல் தப்பியிருக்கும். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

இனி முன்னோர் கருத்துகள். இத்துறையில் கடிகாரக் கட்சி, நிழல் கட்சி, துண்டுக் கட்சி என மூன்று தரப்புகள் உண்டு. மூன்றாவது கட்சிக்கு இப்போதைக்கு உறுப்பினர் ஒருவரே.

கடிகாரக் கட்சியின் கொள்கை எல்லோரும் அறிந்தது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. குழாயின் முதுகில் எறும்பு அளவு எழுத்தில் அது அச்சாகியிருக்கும். ஊர் மருந்துக்கடையில் இதுபற்றி நடந்த கலந்தாய்வைச் சான்றாகத் தருகிறேன்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போடணும்ணே.”

“நடுவுல வேர்த்துச்சுன்னா?”

“வேர்வையத் தொடச்சிட்டுப் போடுங்க.”

“தொடச்சா மறுபடி வேர்க்குமே தம்பி?”

“மறுபடி தொடச்சிட்டு மறுபடி போடுங்க.”

“அப்ப ரெண்டு மணி நேரம்?”

தம்பி அடுத்த சீட்டுக்கு மாத்திரை எடுக்கப் போய்விட்டார். தருக்க நூலார் இதை முடிவிலாப் பின்செலவு என்பார்கள்.

இரண்டு மணி நேரம் என்ற விதியை எழுதியவர்கள் விவரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் சன்ஸ்கிரீன் குழாய்களில் என்ன அச்சிடலாம் என்று விதி செய்தது. ‘வேர்வைக்கு அசையாது’, ‘தண்ணீர் புகாது’ போன்ற வீரவசனங்களுக்கு அதில் தடை விதித்தார்கள். நீரில் அல்லது வேர்வையில் 40 நிமிடம் தாங்கும், அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே சொல்லிக்கொள்ளலாம். மீண்டும் பூச வேண்டிய சமயங்களாக அதே விதி மூன்றைச் சொல்கிறது: அந்த 40 அல்லது 80 நிமிடம் கழிந்ததும், துண்டால் துடைத்த உடனே, எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டு மணி நேரம் என்பது கடைசி எல்லை. நம்மவர்கள் எல்லைக்கல்லை வீட்டுவாசல் என்று நினைத்துக்கொண்டார்கள். நடுவில் நிற்கும் சொற்களை யாரும் படிக்கவே இல்லை. துண்டால் துடைத்த உடனே!

அந்த 40, 80 நிமிடங்களை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். பூசிய ஆளைச் சுழலும் தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் இறக்குவார்கள். பிறகு 15 நிமிடம் வெளியே இருக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் பூசிய இடத்தைத் துண்டால் துடைக்கக் கூடாது என்பது நிபந்தனை, தானாக உலர வேண்டும். பிறகு மீண்டும் தொட்டி. துண்டே இல்லாத ஓர் உலகத்தில் எடுத்த அளவு அது. தியாகதுருகம் பேருந்து நிலையத்தில் சித்திரை மாதம் முகத்தைத் துடைக்காமல் 15 நிமிடம் நிற்பவர் ஒருவரைக் காட்டினால், துண்டுக் கட்சியைக் கலைத்துவிடச் சம்மதிக்கிறேன்.

ஆகவே துண்டை முறையாக ஆராய்வது அவசியமாகிறது. இவ்வட்டாரத்தில் துடைத்தல் தொழில் ஒற்றல், வழித்தல், அழுத்தல் என மூவகைப்படும். ஒற்றல் என்பது கல்யாண மண்டபங்களில், பவுடர் கலையாதபடி கைக்குட்டையின் ஒரு மடிப்பால் மூக்கின் இருமருங்கும் மெல்லத் தொட்டெடுப்பது. சன்ஸ்கிரீனுக்கு இதனால் சேதம் குறைவு. வழித்தல் வயற்காட்டுக்கு உரியது. ஆள்காட்டி விரலை நெற்றியில் குறுக்கே ஓட்டி, திரண்ட வேர்வையை ஒரு சுண்டில் வரப்புக்கு அனுப்புவது. இதில் நெற்றிப் பூச்சு போகும், கன்னம் தப்பும். கொடியது அழுத்தல். புரோட்டா சால்னா முடித்துக் கை கழுவியவர், தோள்துண்டை இரு கையாலும் விரித்து, முகத்தை அதற்குள் புதைத்து, அங்கிருந்து காதுமடல், பிடரி, தொண்டை என்று ஒரு சுற்று வந்து, கடைசியில் அக்குளில் முடிப்பது. இதன்பின் எந்த நிறுவனத்தின் எந்தக் களிம்பும் எஞ்சாது.

இலக்கணம் கற்றவர்கள் இதைத் தன்வினை, பிறவினை என்றும் பிரித்துக்கொள்ளலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளையின் முகத்தைத் தாய் தன் முந்தானையால் பிடித்துத் துடைப்பது பிறவினை. பிள்ளையின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. விசை அதிகம். எச்சில் தொட்டுத் துடைக்கும் துணைவகையும் உண்டு, அதற்கு 80 நிமிடக் களிம்பெல்லாம் எம்மாத்திரம்?

இங்கே பிரையன் டிஃபி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் கேட்கிற கேள்வியையே தலைப்பாக்கி 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கணக்குப் போட்டுக் கண்ட விடை கடிகாரக் கட்சிக்கு அதிர்ச்சி தந்தது. வெயிலில் இறங்க 15 முதல் 30 நிமிடம் முன்பு ஒருமுறை பூச வேண்டும். இறங்கிய 15 முதல் 30 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை பூச வேண்டும். அதற்குப் பிறகு நீந்துவது, வேர்த்துக் கொட்டுவது, துடைப்பது, தேய்ப்பது என்று ஏதாவது நடந்தால் மட்டும் பூசினால் போதும். இரண்டு மணி நேரம் காத்திருந்து பூசுவதைவிட இது மேல் என்றார். ஏனென்றால் முதல் பூச்சை யாரும் ஒழுங்காகப் பூசுவதில்லை. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் குழாயில் போடும் எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். வீட்டில் பூசுகிறவர்கள் அதில் பாதியோ கால்பங்கோதான் பூசுகிறார்கள், விட்டுப்போன திட்டுகள் தனி. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் ஒரு கை அடித்ததோடு ஏணியை எடுத்துக்கொண்டு போவதில்லை. முதல் கை காய்ந்து திட்டுத்திட்டாகத் தெரியும்போதே இரண்டாம் கை அடிப்பார். டிஃபி சொன்னது அதைத்தான். அதன் பின்பு கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லாமல், நடக்கிற காரியத்தைப் பார்க்கச் சொன்னார். துண்டுக் கட்சியின் மூலவர் என்று அவரைக் கொள்ளலாம். அவருக்குத் தகவல் தெரிவிக்கப்படவில்லை.

துண்டே இல்லாத உயிரினங்கள் என்ன செய்கின்றன என்ற கேள்வி இங்கே எழுகிறது. அதற்கு எருமையைக் காண்க. எருமைக்குக் கருந்தோல், மயிர் குறைவு, வேர்வைச் சுரப்பிகள் பசுமாட்டைவிட மிகக் குறைவு. வெயில் ஏறியதும் அது குட்டையில் இறங்கிப் புரள்கிறது. முதுகெங்கும் ஒரு தரமாய்ச் சேறு. எந்த மனிதரும் 2 மில்லிகிராமை அவ்வளவு தாராளமாகப் பூசியதில்லை. கரையேறி மேய்கிறது. சேறு காய்ந்து, வெளுத்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்ததும் மறுபடி குட்டை. பூச்சு எப்போது தீர்ந்தது என்பது பூச்சின்மேலேயே எழுதியிருக்கிறது. சந்தையில் விற்கும் களிம்புகளோ கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்படுகின்றன. தெரியாமல் பூசி, தெரியாமல் போனபின், எப்போது போயிற்று என்று ஆராய்ச்சி நடத்துவது மனித குலத்தின் தனிச்சிறப்பு. நீர்யானை இன்னும் ஒருபடி மேல். அதன் உடம்பில் சுரக்கும் செந்நிற நீரிலுள்ள நிறமிகள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதோடு கிருமியையும் தடுக்கின்றன என்று 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தேவைப்படும்போது தானே ஊறும் மறுபூச்சு! வண்டலூரில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

அடுத்து நிழல் கட்சி. உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் வெயிலுக்கு அஞ்சு, நெட்டையாக இருந்தால் அவ்வளவாக அஞ்சாதே என்பது இவர்களின் ஒற்றை விதி. கடிகாரமும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம், தரையைக் குனிந்து பார்த்தால் போதும். லண்டன்காரருக்கு இது நல்ல விதி. டிசம்பரில் உச்சிப்பொழுதிலும் அவருடைய நிழல் அவரைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும், நிம்மதியாகப் போகலாம். தியாகதுருகத்தில் இந்த விதியைப் பயன்படுத்திப் பார்த்தால் ஒரு சிக்கல். நம் ஊர் வடக்கே 11 பாகை 44 கலை அளவில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே போய் ஒதுங்கி நிற்கும் நாளில்கூட, உச்சிப்பொழுதில் ஐந்தரை அடி ஆளுக்கு நாலடி நிழல் தேறாது. ஆண்டில் 365 நாளும் உச்சிநிழல் ஆளைவிடக் குட்டை. அஞ்சு என்று விதி சொன்னால் ஆண்டு முழுவதும் அஞ்ச வேண்டியதுதான். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் சூரியன் நேராகத் தலைக்குமேல் வருகிறது. அப்போது பகல் 12 மணி 15 நிமிடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குடத்தை முற்றத்தில் கவிழ்த்து வைத்தால் அதன் நிழல் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். நிழல் கட்சிக்கு அன்று வேலையே இல்லை, அளக்க நிழல் இருந்தால்தானே?

இருந்தாலும் இக்கட்சியை ஒதுக்கிவிட முடியாத ஒரு காரணம் உண்டு. வெம்மை வேறு, புற ஊதாக் கதிர் வேறு என்பதை நம்மவர்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை. சுட்டால் வெயில், சுடாவிட்டால் வெயில் இல்லை என்பதே ஊர் வழக்கு. கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கினால்தான் குடை வெளியே வரும். கதிரோ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையே அது பெரும்பாலும் பொறுத்திருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலேயே அது உச்சத்தைத் தொட்டுவிடும். மாலை நாலரை மணிக்குத் தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும்போது கதிர் பெருமளவு தணிந்திருக்கும். காலை பத்து மணிக்கு, காற்று இன்னும் பொறுக்கும்படி இருக்கும்போதே அது ஏறத் தொடங்கிவிட்டிருக்கும். நாளின் புற ஊதாக் கதிரில் பாதிக்கு மேல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் விழுகிறது. சித்திரையில் இங்கே நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருப்பது ஏறக்குறைய ஒன்பதே காலிலிருந்து மூன்றேகால் வரை. நினைவில் வைக்கத்தக்க கணக்கு. கடிகாரக் கட்சியோடு ஓரளவு சமரசமும் ஆகிறது.

இந்தக் குழப்பம் முற்றுவது கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறும் இளைஞர் கூட்டம், மேலே போனதும் ‘ஆகா, ஏசி போட்ட மாதிரி இருக்கு’ என்று சட்டையைக் கழற்றுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடும் என்பதையும், மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும் என்பதையும் மலைக்காற்று சொல்வதில்லை. பிறகு பெரியார் அருவியில் குளியல். குளித்ததும் துண்டு. ஆய்வகத்தார் எதைச் செய்யாதே என்றார்களோ அதை வரிசை மாறாமல் செய்து முடித்துவிட்டு, மாலை இறங்கியதும் பனியன் வெட்டு தோளில் தெரிகிறது என்று வியப்பார்கள்.

இவ்வளவு தூரம் வந்தபின், இந்த எண்களெல்லாம் யார் தோலில் எடுத்தவை என்று கேட்பது முறை. ஃபிரான்ஸ் கிரெய்ட்டர் என்ற வேதியியலாளர் 1938இல் ஆல்ப்ஸ் மலையில் பீட்ஸ் புயின் சிகரம் ஏறி, முகம் வெந்துபோய் இறங்கினார் என்பது இத்துறையின் தலபுராணம். அந்த வேக்காட்டிலிருந்து பிறந்தது களிம்பு. பின்னால் குழாயில் ஏறிய எஸ்பிஎஃப் என்ற எண் தோல் சிவப்பதை வைத்து அளப்பது. பூசாத இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது, பூசிய இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது, வகுத்தால் எண் வந்துவிடும். எளிதில் சிவக்கிறவர்களைத்தான் அமெரிக்கச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை வகை பிரித்தபோதும் முதலில் வெள்ளைத் தோலுக்கு நான்கு வகை வைத்தார். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தும் ஆறும் பிற்சேர்க்கை. தியாகதுருகம் மக்கள்தொகையில் பெரும்பகுதி அந்தப் பிற்சேர்க்கையில் வசிக்கிறது. கரும்பு வெட்டுகிறவரின் பிடரி சிவந்தால் அதை யார் கண்டுபிடிப்பது?

பிற்சேர்க்கைக்காரர்களுக்கு ஒரு சொத்து உண்டு. கறுப்பு மேல்தோல் தன்னளவிலேயே எஸ்பிஎஃப் 13 அளவுக்குக் காக்கிறது, வெள்ளைத் தோல் 3 அளவுக்குத்தான் காக்கிறது என்று 1979இல் அமெரிக்காவில் அளந்து எழுதினார்கள். பிறவியிலேயே பூசியது, துண்டால் துடைத்தால் போகாது, குழாய் வாங்க வேண்டாம். இப்படிப்பட்ட ஒன்றை எங்கிருந்தாவது இறக்குமதி செய்தால் வரிசையில் நின்று வாங்குவோம். வீட்டிலேயே இருப்பதால், பெண் பார்க்க வருகிறவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இவ்வூரில் சன்ஸ்கிரீன் வாங்குவோர் பலர் வெயிலுக்கு அஞ்சி வாங்குவதில்லை, கறுத்துப்போவதற்கு அஞ்சி வாங்குகிறார்கள் என்பது கட்டுரையாசிரியரின் துணிபு. அதிலும் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாதம் மறுபூச்சு இடைவெளி வெகுவாகச் சுருங்கும், தாலி ஏறியதும் முடிவிலிக்கு நீளும். நியாயமாகப் பூச வேண்டியவர்கள் கன்னத்தில் மங்கு விழுந்தவர்கள். அவர்கள் விஷயத்திலோ நாம் கண்ணால் காணும் வெளிச்சமே மங்கைக் கருக்கவைக்கும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாகத் தோல்நிறம் கொண்ட களிம்புதான் உதவும். இதைத் தோல் மருத்துவர் சொல்வார். பக்கத்து வீட்டக்கா சொல்லும் கஸ்தூரி மஞ்சள் தன் பங்குக்கு முகத்தை மஞ்சளாக்கும்.

விதிப்படியே பூசினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கும் போட்டாயிற்று. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முகம், கழுத்து, கைகள், பாதம் என்று உடம்பில் கால்பங்கு வெளியே தெரிகிறது. ஏறக்குறைய 3750 சதுர சென்டிமீட்டர். ஆய்வக அளவில் ஒரு பூச்சுக்கு 7.5 கிராம். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று என்று நாலு பூச்சு, 30 கிராம். 50 கிராம் குழாய் 400 ரூபாய் என்றால் அன்றைய செலவு 240 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். மிச்சம் 96. மறுநாள் ஒரு மணிப் பூச்சின் நடுவில் குழாய் காலியாகும். ஒரு கைக்குப் பூசிவிட்டு மறுகையை என்ன செய்வதென்று மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கை வேலைத்தளத்தில் ஒரு பெரியம்மாவிடம் விளக்கியபோது அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுதும் கேட்டார். “இதுக்கா தம்பி இவ்ளோ பெரிய நோட்டு?” என்றார். பிறகு தன் சட்டையைக் காட்டினார்.

ஆய்வின் போக்கை மாற்றிய சான்று அதுதான். இவ்வட்டாரத்தில் வயலுக்கும் ஏரி வேலைக்கும் போகும் பெண்கள் சேலைமேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, பித்தானைக் கழுத்துவரை மாட்டி, தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். முதலில் இது கரும்புக் கொல்லைக்குத் தேவைப்பட்டிருக்கலாம். கரும்புச் சோகை தோலை அரம்போல அறுக்கும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கிற மாவட்டத்தில் முழுக்கைச் சட்டைக்கு வேறு விளம்பரம் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியர்கள் 1981இல் ஒரு கடற்பறவைப் பொம்மையை ஆடவிட்டுத் தம் மக்களுக்கு மூன்று கட்டளை சொன்னார்கள்: சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு. சட்டைதான் முதலில். அந்தக் கட்டளை இங்கே வந்து சேர்வதற்கு முன்பே நிறைவேறியிருக்கிறது, நடுவில் உள்ளதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சட்டையின் தரமும் ஆராயத்தக்கது. மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் உலர்ந்திருந்தால் 7 அளவுக்குக் கதிரைத் தடுக்கும், நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே வேர்வையில் ஊறிய வெள்ளைத் துண்டைத் தோளில் விரித்துக்கொண்டு காப்பு ஆயிற்று என்று நினைப்பவர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி புற ஊதாக் கதிரை நன்றாக விழுங்கும். அடர்ந்த நெசவும் கருத்த நிறமும் இன்னும் மேல். ஆகக்கூடி, மாப்பிள்ளை முறுக்கோடு எடுத்த, இப்போது காலர் நைந்த, கருநீல டெரிகாட்டன் முழுக்கைச் சட்டை இவ்வட்டாரத்தின் தலைசிறந்த சன்ஸ்கிரீன். மணமில்லை என்று சொல்ல முடியாது.

இதுவரை கண்டவற்றிலிருந்து துண்டுக் கட்சியின் விதியை இவ்வாறு வகுக்கலாம். வெளியே போகுமுன் ஒரு பூச்சு, போய் அரைமணிக்குள் இன்னொன்று. அதன்பின் கடிகாரத்தை மறந்து துண்டைக் கவனி: ஒற்றினால் விட்டுவிடு, வழித்தால் வழித்த இடத்தில் பூசு, அழுத்தினால் முழுதும் பூசு. துண்டையே தொடாதவருக்கு மட்டும் இரண்டு மணி நேரம். சட்டை மூடிய இடத்துக்கு இவை எவையும் பொருந்தா. கை சேற்றில் இருப்பவர் எதைக்கொண்டு பூசுவார் என்றொரு தடை எழலாம். நாற்று நடுகிறவரின் உள்ளங்கை கரையேறும்வரை அவருடையதாக இருக்காது. அவருக்குச் சட்டையும் முக்காடும் தவிர வேறு வழியில்லை, குழாய்க் கம்பெனிகளிடமும் இல்லை.

அப்படியானால் சட்டைக்கு மறுபூச்சுக் காலம் எது? பெரியம்மாவையே கேட்டேன்.

“தீபாவளிக்கு அந்தாளுக்குப் புதுசு எடுப்போம். பழசு எனக்கு வந்துரும்.”

ஆக, ஓர் ஆண்டு. தமிழ்நாட்டில் இதே இடைவெளி கொண்ட காப்பு இன்னொன்று உண்டு. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரைக்கு முதல்நாள் பழைய சந்தனத்தைக் களைந்து, அபிசேகம் முடித்து, புதிய சந்தனம் சாத்துவார்கள். மேனியைக் காக்கும் பூச்சு, ஆண்டுக்கு ஒரு மறுபூச்சு, அதுவும் திருவாதிரையை வைத்து. கடிகாரத்துக்கு அங்கேயும் இடமில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, களைந்தபின் நடப்பதில். அங்கே கழித்த சந்தனத்தைப் பிரசாதமாகப் பெற ஊரூராக வந்து நிற்கிறார்கள். இங்கே கழித்த சட்டையின் பித்தான்களைப் பெரியம்மா பிரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்கிறார். மிச்சத்தை எடுத்து அவர் மகன் டிவிஎஸ் எக்ஸ்எல்லைத் துடைக்கிறார்.